பூரண குணம் பெற்ற இரண்டு விரல்கள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு சொல்லிக்கொள்கிற மாதிரி நடந்த ஒரே காரியம், அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு அதிர்வலைக் கருவி வந்து இறங்கியதுதான். நசுங்கிய நரம்பு, அறுந்த நரம்பு, அசந்து தூங்குகிற நரம்பு எல்லாவற்றையும் அது தட்டி எழுப்பிவிடும் என்று வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள். பலகை வைத்த பிறகு சந்தேகப்படுவது நாகரிகமல்ல.

சலூன்காரருக்குச் சந்தேகம் இல்லை, பயம்தான். கடையின் பெரிய கண்ணாடி சரிந்து விழுந்து வலது முன்கையை வெட்டியதில் மோதிர விரலும் சுண்டு விரலும் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தன. சவரக்கத்தியைப் பிடித்தால் நழுவியது. நரம்பைச் சேர்த்துத் தைக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். தள்ளிப்போட்டால் கை சூம்பிவிடும் என்றும் எச்சரித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கருவி வந்தது.

"ஆபரேஷன் எல்லாம் பழைய பாணி," என்றார் தலைமை நிபுணர். "இதுல கத்தியும் இல்ல, ரத்தமும் இல்ல. சோதனையில எலிக்கு நல்லா குணம் தெரிஞ்சிருக்கு."

"எலி அப்புறம் ஷேவ் பண்ணுச்சுங்களா சார்?"

நிபுணர் பெருந்தன்மையோடு சிரித்தார். பதில் இல்லாத கேள்விகளைப் பெரியவர்கள் இப்படித்தான் கௌரவிப்பார்கள்.

சுண்டு விரலின் அடியில் களிம்பைத் தடவிக் கருவியின் முனையை அழுத்தினார்கள். அது டக்டக்டக்கென்று போட்ட சத்தத்தில் பக்கத்து அறை நோயாளிக்கே பாதி குணமாகியிருக்கும்.

"வலிக்குதா?" என்றார் உதவியாளர்.

"இல்லீங்க."

"துளிகூட?"

"அந்த இடத்துல எதுவுமே தெரியலீங்க. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

'வலி: பூஜ்யம்' என்று உதவியாளர் பரவசத்தோடு குறித்துக்கொண்டார். அடுத்தடுத்து வந்தபோதும் பூஜ்யம். இத்தனை சுத்தமான பூஜ்யத்தை அந்தத் துறையில் எவரும் வாங்கியதில்லை. கூட்டம் கூடியது, தேநீர் வந்தது, 'பூரண குணம்' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. குணமானவருக்கு ஆபரேஷன் எதற்கு? வரிசையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள்.

பாராட்டி ஒரு பூங்கொத்தும் கொடுத்தார்கள். சலூன்காரர் வலது கையால் வாங்கினார். அது தரையில் விழுந்தது.

"சந்தோஷத்துல கை ஓடல," என்று விளக்கினார் நிபுணர்.

கூட வந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார் அநியாயமா இருக்கு! இவருக்குச் சட்டை பட்டனே நான்தான் போட்டுவிடறேன்."

"கை குணமாயிடுச்சும்மா. மனசுதான் இன்னும் நம்ப மாட்டேங்குது. நாளைக்கே கடையைத் திறக்கச் சொல்லுங்க."

இந்தக் கையை விட்டால் சலூன்காரருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்கு எதுக்குங்க சார்? பிடிச்சுக் காட்டச் சொல்வீங்கன்னு கத்தியைக் கையோட கொண்டாந்திருக்கேன். மொத ஷேவ் உங்களுக்கே பண்ணிடறேன். இப்படி உக்காந்து கழுத்தைக் கொஞ்சம் தூக்குங்க."

நிபுணர் தன் இரண்டு நாள் தாடியைத் தடவிக்கொண்டார்.

"நான் காலையிலேயே பண்ணிட்டேனே!"

சலூன்காரர் உதவியாளர் பக்கம் திரும்பினார்.

"நான் தாடி வளர்க்கப் போறேன்," என்று உதவியாளர் அந்த நொடியிலேயே முடிவெடுத்தார்.

"அப்போ கை சரியாகலைன்னு எழுதிக் குடுங்க," என்றாள் மனைவி. "ஆபரேஷனாவது நடக்கட்டும்."

அறிவியல் ஒருபோதும் பின்வாங்குவதில்லை. ஆனால் தவறு இருந்தால் திருத்திக்கொள்ளும். துறை மறுபடி கூடியது. கதவைச் சாத்திக்கொண்டு தீர ஆலோசித்தது. கடைசியில் தவறைக் கண்டுபிடித்து, சான்றிதழைத் திருத்தி, முத்திரை குத்தி, சலூன்காரரின் இடது கையில் கொடுத்தது:

'பூரண குணம். தம் தொழிலைச் செய்ய முழுத் தகுதி உடையவர், மருத்துவர்களுக்குச் சவரம் செய்வது மட்டும் நீங்கலாக.'