ஐந்து ஊரும் ஒரு வரிசையும்

இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், இனி என் ஆயுளுக்கும் சிப்ஸ் மேல் வினிகர் ஊற்றிக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தின் கிளீதோர்ப்ஸ் கடற்கரையில் நின்றுகொண்டு இதைவிடப் பெரிய சத்தியத்தை எவரும் செய்ததில்லை.

"எனக்கு எந்த ஊர்னாலும் சரிப்பா," என்றாள் ஹாரியட், பதினோராவது முறையாக.

மீனும் உருளைக்கிழங்கு சிப்ஸும் பொரித்து விற்கும் தன் கடையில், டெஸ்மண்ட் கிரிம்ஷா மாவில் தோய்த்த மீனைக் கையில் தூக்கியபடி அப்படியே நின்றார். மகளுக்குப் புவியியல் படிக்க ஐந்து பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்திருந்தன. டர்ஹம், நாரிச், லங்காஸ்டர், செயின்ட் ஆண்ட்ரூஸ், அபெரிஸ்ட்வித். ஜூன் மாதம் முதல் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் வலைத்தளத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் ஐந்தும் போய்விடும்.

"எந்த ஊர்னாலும் சரின்னா எப்படிம்மா? ஏதாவது ஒண்ணு பிடிச்சிருக்கும்ல?"

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"எனக்கும் எதுன்னாலும் சரிதான்."

அடுப்பின் மறுபக்கம் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்த மனைவி லொரேன் பெருமூச்சு விட்டாள். "போன கிறிஸ்மஸுக்கு எந்தக் கேக் வாங்கறதுன்னு இப்படித்தான் ஆரம்பிச்சீங்க ரெண்டு பேரும். கடைசில கேக்கே இல்ல."

"நேர்ல போய்ப் பாத்தா ஒவ்வொண்ணா கழிச்சிடலாம்," என்றார் டெஸ்மண்ட்.

"போலாமேப்பா," என்றாள் ஹாரியட், சற்று வேகமாகவே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடை வைத்த பத்தொன்பது வருஷத்தில் டெஸ்மண்ட் போன அதிகபட்ச தூரம் கிரிம்ஸ்பி மீன் சந்தை. அது மூன்று மைல். அவர் பள்ளியைப் பதினாறு வயதில் விட்டவர். பல்கலைக்கழகம் என்றால் அவர் மனதில் இருந்தது ஒரு பெரிய கதவும், 'உள்ளே வராதே' என்று சொல்லும் ஓர் ஆளும்தான்.

அந்த மே மாதத்தில் ஐந்து ஞாயிறு. கடைக்கு ஞாயிறு விடுமுறை. ஐந்து ஞாயிறும் அப்பாவும் மகளும் மீன் வேனில் கிளம்பினார்கள். வேனின் வாசனைக்கு ஒரு கடற்காகமும் கூடவே பறந்தது.

முதலில் டர்ஹம். ஆற்று வளைவுக்கு மேலே மலைபோல நிற்கும் தேவாலயத்தை டெஸ்மண்ட் அண்ணாந்து பார்த்தார். மூன்று மணி நேரம் பார்த்தார். கழுத்து அப்படியே நின்றுவிட்டது. திரும்பும்போது ஹாரியட்தான் வண்டி ஓட்டினாள். அவர் வழி முழுக்க வேனின் கூரையை வியந்துகொண்டே வந்தார்.

"டர்ஹமைக் கழிச்சாச்சா?" என்று கேட்டாள் லொரேன்.

"டர்ஹமைக் கழிக்கறதா? உனக்கு மனசாட்சி இருக்கா?"

அடுத்தது நாரிச். அங்கே பல்கலைக்கழகத்துப் புல்வெளி முழுக்க முயல்கள். ஒரு வகுப்பில் இவர்களையும் உட்கார விட்டார்கள். மண் அரிப்பு பற்றிய பாடம். பாதியில் புரியாமல் டெஸ்மண்ட் எழுந்து வந்துவிட்டார். கூடவே நுழைந்த முயல் மட்டும் கடைசிவரை இருந்து கேட்டுவிட்டுத்தான் வந்தது.

"முயலே உக்காந்து படிக்குது லொரேன்! அந்த ஊரை எப்படி வேண்டாம்னு சொல்றது?"

லங்காஸ்டரில் ஒரு பேராசிரியை கடலோரம் எப்படித் தேய்கிறது என்று அவருக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார். விளக்கிவிட்டு, "நீங்க என்ன நினைக்கறீங்க, மிஸ்டர் கிரிம்ஷா?" என்றும் கேட்டார். அதன் பிறகு இரண்டு நாள் டெஸ்மண்ட் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மீனைப் புரட்டியபடி, "என்னைக் கேட்டாங்க. நான் என்ன நினைக்கறேன்னு," என்றார்.

"சரி, நீ என்ன சொன்ன?" என்று கேட்டாள் லொரேன்.

"எனக்கு எதுன்னாலும் சரின்னு சொல்லிட்டேன்."

செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் பொழுது விடியும் முன்பே கிளம்பினார்கள். மாணவர்கள் சிவப்பு அங்கி அணிந்து கடல்பாலத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். அடித்த காற்றில் ஒரு பையனின் அங்கி உப்பி, அவன் பத்தடி மேலே போனான். மேலே போகும்போது சொல்ல ஆரம்பித்த வாக்கியத்தை இறங்கிய பிறகு பிழையில்லாமல் முடித்தான். இதை டெஸ்மண்ட் கடையில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. ஹாரியட் மட்டும், "பன்னிரண்டு அடி இருக்கும்பா," என்றாள்.

கடைசியாக அபெரிஸ்ட்வித். அங்கே கடற்கரைச் சாலை முடியும் இடத்தில் ஓர் இரும்புத் தடுப்பு. அதுவரை நடந்து வந்தவர்கள் அதைக் காலால் உதைத்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

"எதுக்குங்க உதைக்கறீங்க?" என்று ஒரு கிழவரிடம் கேட்டார் டெஸ்மண்ட்.

"தெரியாதுங்க. எங்கப்பாவும் உதைச்சார்."

டெஸ்மண்டும் உதைத்தார். ஹாரியட்டும் உதைத்தாள். அப்பாவும் மகளும் நொண்டிக்கொண்டே வேனுக்கு நடந்தார்கள். "காரணமே தெரியாம இத்தனை வருஷமா ஒழுங்கா ஒரு வேலையைச் செய்யறாங்கன்னா, அது எப்பேர்ப்பட்ட ஊர்!" என்றார் அவர். கூட வந்த கடற்காகத்துக்கும் அதே எண்ணம் போல. அது திரும்பி வரவில்லை.

ஆக, மே முடிந்தபோது ஐந்தில் ஒன்றுகூடக் கழியவில்லை. முன்பாவது ஐந்தும் ஒன்றுதான் என்று இருந்தது. இப்போது ஐந்தையும் விட முடியாது என்றானது.

"ஊர் மக்களைக் கேப்போம்," என்றார் டெஸ்மண்ட்.

ஊறுகாய் முட்டை ஜாடிகள் ஐந்தைக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்ப் பெயரை ஒட்டி, கல்லாவுக்கு முன்னால் வைத்தார். சிப்ஸ் வாங்குகிறவர்கள் தின்று முடித்ததும் மர முள்கரண்டியைப் பிடித்த ஊர் ஜாடியில் போட வேண்டும்.

ஆனால் அது எங்கள் ஊர். ஒரு ஜாடியில் நாலு கரண்டி குறைவாக இருந்தால் எங்களுக்குத் தாங்காது. "அடப் பாவமே, லங்காஸ்டரை யாரும் சீந்தலையே," என்று ஒருவர் லங்காஸ்டரில் போடுவார். அடுத்தவர் நாரிச்சைப் பார்த்து இரக்கப்படுவார். செவ்வாய் மாலை எண்ணிப் பார்த்தார்கள். ஐந்து ஜாடியிலும் சரியாக அறுபத்தொன்று.

மறுநாள் புதன். கடைசி நாள். ஹாரியட்டுக்கு மத்தியானம் புவியியல் பரீட்சை. கைபேசியைக் கொண்டுபோகக் கூடாது. மடிக்கணினி கடைக்குள் கல்லா மேல் இருந்தது. அதன் கடவுச்சொல் அவளுக்கு மட்டும்தான் தெரியும். "அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டெஸ்மண்டால் சும்மா இருக்க முடியவில்லை. வாசல் பலகையில் சாக்கட்டியால் எழுதினார்: 'ஹாரியட்டுக்கு ஊர் சொல்லுங்கள். பட்டாணி மசியல் இலவசம்.'

நாலு மணிக்கு ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேர் ஒழுங்காக நிற்பதைப் பார்த்தால் இங்கிலாந்தில் ஏழாவது ஆள் நிற்காமல் போக முடியாது. நாலரைக்கு வரிசை தெருமுனையைத் தாண்டியது. ஐந்துக்குக் கடல்பாலத்தைத் தொட்டது.

"எதுக்குங்க வரிசை?"

"தெரியல. ஆனா நல்லா நகருது."

ஐந்தேகாலுக்கு டெஸ்மண்ட் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். தூரத்தில், வரிசையின் கடைசியில், பள்ளிப் பையோடு ஹாரியட் நின்றுகொண்டிருந்தாள்.

"அய்யோ! அங்க நிக்கறா லொரேன்!"

"கூப்பிடு!"

"எப்படிக் கூப்பிடறது? முன்னாடி நூத்திப்பத்து பேர் நிக்கறாங்களே!"

"இது நம்ம கடை டெஸ்!"

"கடை நம்மளுது. வரிசை அவங்களுது."

அவர் அடுப்பை லொரேனிடம் விட்டுவிட்டுக் கடைசிவரை ஓடினார். "வாம்மா, நேரமாச்சு!"

"வரிசை இருக்கேப்பா," என்றாள் ஹாரியட் சாவதானமாக.

"நீங்க முன்னாடி போங்க கண்ணு," என்றார் அவளுக்கு முன்னால் நின்றவர்.

"இல்லல்ல, பரவால்ல. நீங்கதான் முதல்ல வந்தீங்க."

டெஸ்மண்ட் தனியாகக் கடைக்குத் திரும்ப நடந்தார். பாதி வழியில், வெளியூர்க்காரர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு அவர் தோளைத் தொட்டார். "மன்னிக்கணும் சார். வரிசை அங்க முடியுது."

கடைக்காரன் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டெஸ்மண்ட், "சாரி சார்," என்றார். போய் மகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். உள்ளே லொரேன் ஒற்றை ஆளாக மீன் பொரித்தாள். வரிசை அடியோடு நின்றது.

ஐந்தே முக்கால்.

"போச்சு," என்றார் டெஸ்மண்ட். "என்னாலதான். முதல் நாளே ஒண்ணைச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாமேப்பா. ஏன் சொல்லல?"

அவர் கடலைப் பார்த்தார். "எந்த ஊரைச் சொன்னாலும் நீ போயிடுவேல்ல."

ஹாரியட் அப்பாவின் மாவு படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

இது நாலு ஆள் தள்ளி நின்ற திருமதி பிண்டரின் காதில் விழுந்தது. நாற்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைத்த அம்மாள் அவர். குரல் கப்பல் சங்கு மாதிரி.

"எல்லாரும் கேளுங்க! இந்தப் பிள்ளை ஆறு மணிக்குள்ள கடைக்குள்ள இருக்கணும். ஆனா வரிசையை மீறக் கூடாது. அதனால வரிசையே திரும்பட்டும்! எல்லாரும், திரும்பு!"

நூற்றுப்பத்துப் பேரும் ஒரே சமயத்தில் பின்பக்கம் திரும்பினார்கள். கடைசி முதலானது, முதல் கடைசியானது. ஒருவரும் ஒருவரையும் முந்தவில்லை. அரை மணி நேரமாகக் கடை வாசலில் நின்றவர், "சாரி, நான் கடைசில நிக்கறேன்னு தெரியாமப் போச்சு," என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வெளியூர்க்காரர் தொப்பியைக் கழற்றி வழிவிட்டார். கைதட்டலுக்கு நடுவே அப்பாவும் மகளும் கடையை நோக்கி ஓடினார்கள். திருமதி பிண்டரும் பின்னாலேயே வந்தார்.

ஐந்து ஐம்பத்தெட்டு. லொரேன் மடிக்கணினியைத் திறந்து நீட்டினாள். டெஸ்மண்ட் சமையல் மேலங்கியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். ஹாரியட்டின் விரல்கள் இரண்டு மூன்று முறை தட்டின.

"ஆச்சுப்பா. அபெரிஸ்ட்வித்."

தெரு முழுக்க ஆரவாரம். டெஸ்மண்ட் மேலங்கியை இறக்கவே இல்லை. "கண்ணுல வினிகர் பட்டுடுச்சு," என்றார். "நல்ல ஊரும்மா. உதைக்கத் தெரிஞ்ச ஊரு. அந்த அஞ்சு ஞாயித்துக்கிழமையும் போகலைன்னா உன்னால முடிவு பண்ணியிருக்க முடியுமா, சொல்லு?"

"முடியாதுப்பா," என்றாள் ஹாரியட், திரையை மூடப்போனபடி.

அதற்குள் திருமதி பிண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் படித்துவிட்டார்.

"ஏம்ப்பா டெஸ்மண்ட், இவ பதில் ஏப்ரல் மூணாந்தேதியே போய்ச் சேந்தாச்சுன்னு இதுல போட்டிருக்கே!"