பாதியாக இளைத்தவர்

குண்டானவர்கள், ஒல்லியானவர்கள் என்ற இரண்டு வகையிலும் சேராமல் புதிதாக ஓர் இனம் கிளம்பியிருக்கிறது: இளைத்தவர்கள். ஒல்லியானவர் அதை மறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். இளைத்தவருக்கு வேலையே அதுதான். அறுவைச் சிகிச்சையில் இரைப்பையைச் சுருக்கி, குடலை மாற்றித் தைத்து, பாதி ஆளாக வெளியே வந்த நாள் முதல், எதிரே வருபவரிடமெல்லாம் "என்னைப் பார்த்தா என்ன தோணுது?" என்று கேட்காமல் விடமாட்டார். என்ன தோன்றும்? எந்தப் பக்கம் ஓடலாம் என்று தோன்றும்.

நமது இளைத்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கிளட்சை எப்போது விடுவது என்று பதறும் பெண்ணிடம், ஒரு காலத்தில் இதே சீட் பெல்ட் தன் வயிற்றைச் சுற்றி எட்டியதில்லை என்பதில் ஆரம்பிப்பார். வண்டி நடுச்சாலையில் நின்று, பின்னால் ஹாரன்கள் அலறும்போது மயக்க ஊசி வரைக்கும் வந்திருப்பார். அவரிடம் கற்றவர்களுக்கு ரிவர்ஸ் வராது. அவருடைய பழைய இடுப்பளவு மனப்பாடம்.

காலையில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறுவார். முள் இறங்கியிருந்தால் முகம் மலரும். இறங்கியது கொழுப்பா எலும்பா என்று இயந்திரம் சொல்லாது, அவரும் கேட்கமாட்டார். அறுவை செய்த டாக்டர் அன்றே சொல்லித்தான் அனுப்பினார்: "உங்க குடல் இனிமே முன்ன மாதிரி சத்தை உறிஞ்சாது. கால்சியம், விட்டமின் டி ரெண்டையும் ஆயுசுக்கும் விடக்கூடாது." இவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மாத்திரைகள் எங்கே போயின? முழங்கால் வலி என்று சொன்ன தபால்காரருக்கு ஓர் அட்டை, முதுகுப் பிடிப்பு என்று சொன்ன மைத்துனருக்கு ஓர் அட்டை. "எலும்புக்கு ரொம்ப நல்லது. விடாம சாப்பிடுங்க!" தெருவே உறுதியாகிக்கொண்டிருந்தது, அவர் ஒருவரைத் தவிர.

"நீங்க போட்டீங்களா?" என்பாள் மனைவி.

"மாத்திரை நோயாளிக்கு. நான்தான் குணமாயிட்டேனே!"

"பெல்ட் போடாம உட்கார்ந்தா அந்தப் புள்ளைங்களை என்ன கத்து கத்துறீங்க? அடிபட்டப்புறம் போட்டு என்ன பிரயோஜனம்னு?"

"அது கார் விஷயம்."

மாடி ஏறும்போது அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். கேட்டால் வாயு என்பார். அவளுக்கு உள்ளுக்குள் பயம்தான்.

ஒரு விடுமுறை நாளில் மைத்துனர் குடும்பத்தோடு வந்தார். விருந்தாளி வந்தால் பழைய பேண்ட் வெளியே வந்தாக வேண்டும். இந்த இனத்தார் வீட்டில் அதைக் குலச்சொத்து மாதிரி மடித்து வைத்திருப்பார்கள். அதன் ஒரே காலுக்குள் நம்மவர் தம் இரண்டு கால்களையும் விட்டு, இடுப்புத் துணியை முழங்கை நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, "எடு, எடு, போட்டோ எடு!" என்றார். இரண்டு காலும் ஒரே குழாய்க்குள் இருக்கிற மனிதர் தடுமாறினால் எந்தக் காலை ஊன்றுவார்? கையை ஊன்றினார். விழுந்தது மெத்தென்ற கம்பளத்தில். ஒரு குழந்தை விழுந்திருந்தால் எழுந்து ஓடியிருக்கும். இவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

எலும்பைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார். "இந்த வயசுல இருக்க வேண்டிய எலும்பே இல்ல இது. இன்னிக்கு மணிக்கட்டு. இப்படியே விட்டா அடுத்தது இடுப்பு, அப்புறம் படுக்கைதான். மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறோம் டாக்டர்." தபால்காரரையும் சேர்த்துச் சொன்னார் போலிருக்கிறது.

மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். "நீங்க படுத்துட்டா நான் ஒருத்தியா எப்படித் தூக்குவேன்?"

"இப்ப தூக்கிடலாம். பாதிதானே இருக்கேன்!" என்றார், பெருமையோடு. அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது அவர் எலும்பு நிபுணர். கட்டுப்போட்ட கையை நீட்டி நீட்டி, கால்சியத்தை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்றுகூட வகுப்பு எடுக்கிறார். அவர் விழுங்குகிறாரா? மனைவி தண்ணீரோடு எதிரே நின்றால் விழுங்குகிறார். அவள் ஊரில் இல்லாத நாட்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சிரிக்கிறீர்கள். உங்கள் வயிற்றில் யாரும் கத்தி வைக்கவில்லைதான். ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்த எதையோ, 'இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே' என்று நீங்களாகவே நிறுத்திவிடவில்லையே? இதைப் படிக்கக் கொடுக்கலாம் என்று உங்களுக்கு ஓர் ஆள் நினைவுக்கு வந்திருப்பார். தாராளமாகக் கொடுங்கள். அதற்குமுன் ஒரே ஒரு சந்தேகம்: இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, கடைசிவரை படிக்கிறீர்களா என்று வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது யார்?