புகை குறைக்கும் ஒப்பந்தம்

பிரதேச சபைத் தவிசாளர் இராகுலனின் ஜீப் மூன்றாவது தடவையாக உப்புவெளிச் சந்தியைக் கடந்து, மண்டபத்துக்குள் திரும்பாமலே நிலாவெளிப் பக்கம் போனபோது, வாசலில் நின்ற அருளம்பலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு வான், ஒரு கெப் வண்டி, நாலு முச்சக்கரவண்டி. எல்லாரும் சபை உறுப்பினர்கள்.

அயலிலுள்ள இரண்டு பிரதேச சபைகள் சேர்ந்து ஊரின் புகையைக் குறைக்க ஒப்பந்தம் போடும் நாள் அது. ஏற்பாடு முழுவதும் உத்தியோகத்தர் அருளம்பலத்தின் தலையில். திட்டம் சரிவந்தால் குப்பை அள்ள மின்சார வண்டிகள் வரும். அவற்றைக் கவனிக்கும் பொறுப்போடு அவரும் திருகோணமலையிலேயே இருக்கலாம். பிழைத்தால் அம்பாறைக்கு இடமாற்றம். வீட்டில் லோஜினிக்கு எட்டாம் மாதம்.

சந்தியில் குடை விரித்து உட்கார்ந்திருந்தார் மாகாண அலுவலகத்து நிருஜா. சபை வாகனங்கள் எத்தனை தரம் ஓடுகின்றன என்று காலையிலிருந்து தாளில் கோடு போடுவதுதான் அவர் வேலை. கோடு குறைந்தால்தான் வண்டி கிடைக்கும் என்று அருளம்பலம் நம்பியிருந்தார்.

அவசரமாகத் தொலைபேசியை எடுத்து இராகுலனை அழைத்தார்.

“சேர், மண்டபத்தைத் தாண்டிப் போறீங்கள்!”

“தெரியும் அருளம்பலம். மற்றச் சபைத் தவிசாளர் அப்ராஸ் வந்திட்டாரோ?”

“இன்னும் இல்லை, சேர்.”

“அப்ப நான் என்னெண்டு முதல் வாறது? நான் கதிரையில காத்துக்கொண்டிருக்க, அவர் மேளதாளத்தோட வாறதோ?”

அருளம்பலம் அடுத்ததாக அப்ராஸை அழைத்தார். அவர் ஒன்பது வாகனங்களோடு அலஸ்தோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இராகுலன் உள்ள போனதும் சொல்லுங்க, நான் வாறன்.”

கடைசியாக வருகிறவர்தான் பெரிய மனிதர். இப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை; இருந்திருந்தால் யாராவது மீறியாவது இருப்பார்கள்.

போனில் பேசிச் சரிவராது என்று அருளம்பலம் மோட்டார்சைக்கிளை முறுக்கினார்.

“சேர், ரெண்டுபேரும் ஒரே வான்ல வாங்கோவன்?”

“வாறன். முன் சீற் எனக்கு” என்றார் இராகுலன்.

“முன் சீற் எனக்கெண்டா ஓம்” என்றார் அப்ராஸ்.

ஆகவே அருளம்பலம் இரண்டு வான் பிடித்தார். தவிசாளர்கள் வானில் ஏறினார்கள். சாரதிகள் விடுவார்களா? ஜீப்புகள் வெறுமையாகப் பின்னால் வந்தன. நிருஜா புதுத்தாள் எடுத்தார்.

அப்போதும் முதலில் உள்ளே போக இருவரும் தயாரில்லை. கடைசியில் அருளம்பலம் துணிந்து பொய் சொன்னார். “அவர் உள்ள போயிட்டார், சேர்” என்று இருவருக்கும்.

இரண்டு ஊர்வலமும் இரண்டு பக்கத்தாலும் பாய்ந்து வந்து மண்டப வாசலில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. பின்னால் எடுக்க ஒருவரும் தயாரில்லை. ஏசி போய்விடுமே என்று இயந்திரத்தை நிறுத்தவும் ஆளில்லை. தெரு முழுக்கக் கறுப்புப் புகை.

எதிர்த் தேநீர்க்கடை பாஹிம் கரண்டியோடு வெளியே வந்தார்.

“சேர்மாரே, உங்கட புகையில என்ட வடையெல்லாம் கறுத்திட்டு! இதை ஆர் தின்னுற?”

இருமிக்கொண்டே இறங்கிய தவிசாளர்கள் இருவரும் மூச்சு வாங்க அவர் கடைக்குள் ஓடினார்கள். ஒரே வாங்கில் அமர்ந்தார்கள். கறுத்த வடையைப் பார்த்ததும் முதலில் இராகுலன் சிரித்தார்; பிறகு அப்ராஸும். தேநீர் ஆறுவதற்குள் அந்த மேசையிலேயே கையெழுத்தும் விழுந்தது. நல்ல மனிதர்கள்தான், பாவம்.

அருளம்பலம் மட்டும் சிரிக்கவில்லை. நிருஜா தாள்களோடு வந்துகொண்டிருந்தார்.

“எத்தனை, மிஸ்?”

“நூற்றி எழுபத்திரண்டு தரம், சேர். உங்கட மோட்டார்சைக்கிள் மட்டும் பத்தொன்பது.”

அருளம்பலத்துக்குக் கண் கலங்கியது. லோஜினியிடம் என்னவென்று சொல்வது? பிள்ளை பிறக்கும்போது அவர் அம்பாறையில் இருப்பார்.

“கொஞ்சம் குறைச்சுப் போட ஏலாதோ, மிஸ்?”

“ஐயோ சேர், ஏன் குறைக்கிறீங்கள்? இண்டைக்கு நீங்கள் வழமையா எவ்வளவு புகை விடுறீங்கள் எண்டு மட்டும்தான் பாக்கிறது. நாளைக்கு இதில எவ்வளவு குறையுதோ அதுக்குத்தான் வண்டி. எல்லாரும் சும்மா வீட்டில இருந்தாலே முதல் வண்டி உங்களுக்குத்தான்!”