குப்பைமேட்டுக்குக் காவல்

"தீர்மானம் நிறைவேறியது!" என்று மேஜையைத் தட்டினாள் சபாநாயகி.

பத்தாம் வகுப்பின் தலைவிக்கு அந்தப் பள்ளியில் அதுதான் பெயர். தையல் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவே செருகி வைத்தாற்போல நிற்கும் சின்ன அரசுப் பள்ளி. நல்ல குடிமக்களை உருவாக்குவதே அதன் நோக்கம் என்பதால், மின்விசிறியைப் போடக்கூட அங்கே கை தூக்கி வாக்கெடுப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்துத் தீர்ப்பது பத்தாம் வகுப்புக்கு இந்தப் பருவத்து வேலை. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

இன்றைய தீர்மானம், பின்பக்கத் தெருமுனையில் குப்பை கொட்டுகிறவர்களை நாளைக் காலை ஒளிந்திருந்து கையும் களவுமாகப் பிடிப்பது.

இதைக் கேட்டதும் குடிமையியல் ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். தினமும் மனைவி "போற வழியில போட்டுடுங்க" என்று கையில் திணிக்கும் பையை, அங்கே குப்பை சேரத் தொடங்கிய நாளிலிருந்து அவரும் அந்த முனையில்தான் வீசிக்கொண்டிருந்தார். தொட்டி இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஊரே கொட்டுகிறது, நம் ஒரு பை கூடினால் என்ன என்பது, குடிமைப் பொறுப்பைப் பாடமாக நடத்தும் அந்த மனிதரின் நியாயம்.

"குப்பையை விடுங்க. தெரு விளக்கு மாதிரி வேற ஏதாவது எடுத்துக்கலாமே?" என்றார் குழைவாக.

"சூப்பர் சார்! அந்த முனையில ஒரு விளக்கைப் போட்டா ஆள் முகம் நல்லாத் தெரியும்" என்றான் கடைசி பெஞ்சு நெட்டையன். கைகள் உயர்ந்தன. அதுவும் நிறைவேறியது.

"விடியக்காலைல நீங்க தெருவுல நிக்கறது ஆபத்து இல்லையா?"

"அப்ப சார் துணைக்கு வரட்டும்!"

இது ஏகமனதாக நிறைவேறியது. தன்னைப் பிடிக்கத் தானே காவல் நிற்கும் கதி எந்த வாத்தியாருக்கும் வரக்கூடாது. இனி வாயைத் திறந்தால் என்ன தீர்மானம் வருமோ என்று அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அப்போது தலைமையாசிரியை உள்ளே வந்தார்.

"இதுக்குப் போய் எதுக்குக் காவல்?"

ஆசிரியருக்கு உயிர் திரும்பியது.

"நாளைக்கு எல்லாருமாப் போய் ஒவ்வொரு பையாப் பிரிச்சுப் பாருங்க. யார் வீட்டுக் குப்பைன்னு தெரிஞ்சுடும். யாரா இருந்தாலும் பேரை வாசல் பலகையில எழுதிடலாம்."

திரும்பிய உயிர் மறுபடி போய்விட்டது.

வகுப்பில் ஒரு கைகூட உயரவில்லை. அதைக் கவனிக்கிற நிலையில் ஆசிரியர் இல்லை. அன்று காலை வீசிய பையில் அவருடைய உடைந்த மஞ்சள் குடை இருந்தது. அந்தக் குடையைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை பள்ளியிலேயே கிடையாது. பலகையில் பெயரோடு விடுவார்களா, பாடத்தையும் சேர்த்து எழுதுவார்களா என்பதே அவருடைய கவலையாக இருந்தது.

பள்ளி விட்டு ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்கு ஓடினார். எல்லாமே கறுப்புப் பைகள். ஒன்றை இழுத்தார், அவருடையது இல்லை. இன்னொன்றை இழுத்தார், அது கிழிந்து சட்டையெல்லாம் கொட்டியது. தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது, சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கடைசியில், குடைக்காம்பு துருத்திக்கொண்டிருந்த பை கையில் சிக்கியது.

"சார்!"

பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி திரும்பினார். சபாநாயகி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் நெட்டையன், அவனுக்குப் பின்னால் வகுப்பில் பாதி. முடிந்தது கதை என்று ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

எந்தச் சத்தமும் வராததால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். சபாநாயகியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"முந்திக்கிட்டீங்களா சார்? அது சாட்சிக்குத்தானே? யார் வீட்டுப் பை சார்... எங்க வீட்டுதா?"

"உங்க வீட்டுதா? என்னம்மா சொல்றே?"

நெட்டையன் ஓவென்று அழுதேவிட்டான். "பலகையில எங்க பேரை எழுதிடாதீங்க சார்!"

சபாநாயகி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"குறையைக் கண்டுபிடிச்சாத்தான் மார்க்குன்னு சொல்லிட்டீங்க, நாங்களும் தெருத்தெருவாத் தேடிப் பார்த்தோம் சார், ஒண்ணுமே கெடைக்கல, அதான் ஆளுக்கு ஒரு பை வீட்லேருந்து கொண்டாந்து நாங்களே ஆரம்பிச்சு வச்சோம்!"