நிலைக்கண்ணாடி திரும்பிய நாள்

“ஆள் வந்துட்டாரா?” என்று வீட்டிலிருந்து போனில் கேட்டாள் மனைவி.

“இன்னும் இல்ல,” என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். “நம்ம கடைக்கு யாரு வர்றாங்க?”

“அதுக்குத்தானே அவரை வரச் சொல்லியிருக்கேன்! ஃபெங் சுய்ல, அதான் சீன வாஸ்துல, பெரிய ஆளாம். எதை எங்க வைக்கச் சொன்னாலும் வைங்க. எதிர்த்துப் பேசாதீங்க. இதுவும் சரிப்படலேன்னா கடையை மூடிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம்.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் ஒருவர். கண்ணை இடுக்கி, நெற்றியைச் சுருக்கி, கடையை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். நிபுணர் பார்வை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரருக்குப் பட்டது.

“வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்.”

“கண்ணாடி விஷயமா...”

“என் வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னா! வாசலைப் பார்த்துக் கண்ணாடி இருந்தா, வர்ற அதிர்ஷ்டம் அப்படியே திரும்பிப் போயிடுமாமே?”

வந்தவர் வாசலைப் பார்த்திருந்த நிலைக்கண்ணாடி பக்கம் திரும்பினார். அதில் பட்ட வெயில் அவர் முகத்தில் அடித்தது.

“ரொம்பக் கூசுதே,” என்றார்.

அவ்வளவுதான். கடைக்காரர் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். திருப்பும்போது கை கொஞ்சம் தயங்கியது. கல்யாணமான புதிதில், கடை திறந்த அன்று, அவரும் மனைவியும் ஆளுக்கொரு முனையாகத் தெருவழியே தூக்கி வந்த கண்ணாடி. மல்லாக்கப் பிடித்திருந்ததால் வழியெல்லாம் வானமும் கூடவே வந்தது. “பார்த்து, மேகத்தைக் கீழே போட்டுடாதீங்க,” என்று அவள் சிரித்த சிரிப்பில் பாதித் தெரு திரும்பிப் பார்த்தது.

“அப்புறம்?” என்றார் கடைக்காரர்.

“அந்த எழுத்துப் பலகை ரொம்பத் தள்ளி இருக்கே?”

“கிட்ட வைக்கணுமா?”

“வச்சா நல்லாத்தான் இருக்கும்.”

கண் பரிசோதிக்கும் பலகை நாற்காலிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. வந்தவர் தொண்டையைச் செருமினார். “கொஞ்சம் தண்ணி இருந்தாத் தேவலை.”

கடைக்காரர் பரபரப்பாக மனைவியைப் போனில் கூப்பிட்டார். “தண்ணி இல்லாததுதான் குறையாம்!”

“நான் சொல்லல? தண்ணிதான் செல்வம். நிறைய வைங்க!”

கொல்லைப்புறத்திலிருந்து பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர் வந்து நடுக்கடையில் உட்கார்ந்தது.

“இவ்வளவா?” என்றார் வந்தவர்.

“உங்க வாக்கு. குறை வைக்கலாமா?”

அதிர்ஷ்டமும் உடனே வந்தது. ஒரு தையல்காரம்மா உள்ளே வந்து, ஊசி கோக்க முடியவில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்குக்கு முன்னால் இருந்த பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தாள். “என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஊசிதான் சரியில்ல!” என்று சந்தோஷமாகப் போய்விட்டாள்.

அடுத்து வந்த கல்லூரிப் பெண் ஒரு ஃபிரேமைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேடினாள். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. “எப்படி இருக்கு மாமா?”

“எங்க கணக்கு டீச்சர் மாதிரியே இருக்கேம்மா,” என்றார் கடைக்காரர்.

ஃபிரேமைக் கழற்றி வைத்த வேகத்தில் திரும்பியவள், தொட்டியில் ஒரு காலை விட்டாள். நனைந்த செருப்போடும் கோபத்தோடும் வெளியேறினாள்.

கடைக்காரர் தரையைத் துடைத்தபடி வாசல் மரத்தைப் பார்த்தார். முன்பெல்லாம் முதல் கண்ணாடி போட்டுக்கொள்ளும் குழந்தைகள் அந்த வாசலில் நின்றுதான் கத்துவார்கள்: “ஐ! இலையெல்லாம் தனித்தனியா இருக்கு!” மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இவர் லென்ஸில் தூசு தேடுவது போலக் குனிந்துகொள்வார்.

துணியைக் கீழே வைத்தார்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க பெரிய ஆள். ஆனா மூடுறதா இருந்தாலும், என் வீட்டுக்காரி வச்ச இடத்துல எல்லாம் இருக்கும்போதுதான் நான் இந்தக் கடையை மூடுவேன்.”

வந்தவர் முன்னால் வந்து நிலைக்கண்ணாடியின் ஒரு முனையைப் பிடித்தார். இருவருமாகத் திருப்பினார்கள். பலகை பழைய சுவருக்குப் போனது. தொட்டி மரத்தடியில் காலியானது.

“உங்க பொழுதை வீணாக்கிட்டேன். நீங்க கிளம்புங்க, வீட்டுல நான் சொல்லிக்கிறேன்.”

வந்தவர் கிளம்பவில்லை. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கடையை அப்புறம் மூடிக்கலாம் சார். முதல்ல என் கண்ணை டெஸ்ட் பண்ணி, ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க. நான் வந்ததே அதுக்குத்தான்!”