இடது கதவுக் குமிழ் பற்றிச் சம்பந்திக்கு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் நால்வரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "நால்வரும் நலம்" என்றதில் ஒரு சிறு திருத்தம்: மூவர் நலம், எனக்கு முழங்கால் வலி. அதற்குக் காரணம் உங்கள் மகள். குற்றம் சாட்டுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம், பெருமையோடுதான் எழுதுகிறேன். வலி வந்த கதை பின்னால் வரும். தாளில் அங்கங்கே புள்ளி தென்பட்டால் அதையும் பொருட்படுத்த வேண்டாம். நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் அல்லவா, படிக்கும்போது எங்கே கண்ணை எடுக்கிறேனோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் எடுப்பேன். ஓய்வு பெற்றும் கை ஓயவில்லை. மின்சார பில், மருந்துச் சீட்டு, செய்தித்தாள் எல்லாவற்றிலும் புள்ளிதான். "உங்களைக் காணோம்னா புள்ளியப் பிடிச்சுக்கிட்டே வந்தாப் போதும்" என்பாள் என் மனைவி.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் யார் பேசினாலும் நீங்கள் "சாப்பிட்டாச்சா?" என்பீர்கள், "ஆச்சு" என்றதும் "சரி, வெச்சிடறேன்" என்பீர்கள். போன வாரம் நான் வேண்டுமென்றே "இன்னும் இல்லைங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பப் போய்ச் சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே கடிதம்.

விஷயம் ஹெலிகாப்டர். பதற வேண்டாம், யாரும் எங்கும் பறக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் உங்கள் மகள் ஓர் அட்டைப் பெட்டி வாங்கி வந்தாள். மேலே, நீங்கள் முப்பத்தோரு வருடம் பழுது பார்த்தீர்களே, அதே ரக மீட்பு ஹெலிகாப்டரின் படம். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் சின்னச் சின்னத் துண்டுகள். நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவாம். வெட்டி ஒட்டினால் ஆயிற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்து நானே பசை எடுத்துக் கொடுத்தேன். அவள் துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "மாமா, இது வெறும் கூடு. அப்பா ஹெலிகாப்டர்ல எதுவும் இப்படி மொழுக்குன்னு இருக்காது" என்றாள். அன்றோடு எங்கள் சாப்பாட்டு மேசை போயிற்று. இன்றுவரை தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

சம்பந்தி, ஒன்றைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். விமானப் பணிமனையில் பயிற்சிக்கு இடம் கிடைத்தும் அதை விட்டுவிட்டுப் பல் செட் செய்யும் லேபில் சேர்ந்தாள் என்று உங்களுக்கு வருத்தம். "உனக்கு மெஷின் மேல மரியாதை இல்ல" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியம் பதினான்கு மாதமாக உங்கள் இருவருக்கும் குறுக்கே நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அவளும் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை. ஆனால் அந்த மரியாதை இருக்கிறதா இல்லையா என்பதை நான் ஆறு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

முதலில் ஓட்டுநர் இருக்கை. பெட்டியில் வந்த இருக்கையில் பெல்ட் இல்லை என்று என் மனைவியின் சமையலறை அலுமினியத் தாளைக் கத்தரித்துப் பெல்ட் செய்தாள், ஃபியூஸ் கம்பியை வளைத்து அதற்குக் கொக்கி செய்தாள், என் மனைவி மிச்சச் சோற்றை மூடி வைக்கத் தாள் தேடினால் அது ஹெலிகாப்டருக்குள் இருக்கிறது, சரி போகட்டும் என்றால் அடுத்து எண்ணெய்க் குழாய்க்கு மெல்லிய செம்புக் கம்பி வேண்டுமென்று உங்கள் மாப்பிள்ளையின் இயர்போனை அறுத்துவிட்டாள், அந்தப் பிள்ளை அது தெரியாமல் ஒரு காதில் மட்டும் பாட்டுக் கேட்டுக்கொண்டு "எனக்கு இடது காது மந்தமாயிடுச்சும்மா" என்று காது டாக்டரிடம் நேரம் வாங்கி, டாக்டரும் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு "காது நல்லா இருக்கு, கருவியக் காட்டுங்க" என்றிருக்கிறார். பல்லுக்கு அச்செடுக்கும் மாவில் சக்கரம் வார்த்தாள். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி மெல்ல இழுப்பாள் பாருங்கள், தலைமுடி போல் நீளும். அதுதான் ஆண்டெனா. அதை ஒட்டும்போது வீட்டில் ஃபேன் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, நான் பேசக்கூடாது. மூன்றில் கடைசியானதுதான் என்னைக் கொன்றுவிட்டது.

உடம்பு முழுக்க ஆணித்தலைகள். ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்துகிறாள். கதவுக்கு மேல் வரிசையில் அறுபத்திரண்டு இருக்க வேண்டுமாம். நான் எண்ணினேன், அறுபத்தொன்று வந்தது, சொன்னேன். மறுபேச்சில்லாமல் அந்தப் பலகையையே புதிதாகச் செய்தாள். அப்போது தரைத்தகட்டுக்கு அடியில் ஓடும் குழாய்களையும் வர்ணம் பூசி வைத்துக்கொண்டிருந்தாள். மூடினால் எமனுக்குக்கூடத் தெரியாத இடம். "ஏம்மா, இதையெல்லாம் யார் பார்க்கப் போறா?" என்றேன். தலையை நிமிர்த்தவே இல்லை. "அப்பா டார்ச் அடிச்சுப் பாப்பார் மாமா" என்றாள்.

வர்ணம் முடிந்ததும் அழுக்குப் பூசத் தொடங்கினாள். ஆமாம், அழுக்குத்தான். புகைக்குழாய் ஓரம் கரி, சக்கரத்தில் சேறு, வாலில் மழைக்கறை எல்லாம் நிஜம் போலத் தெரிய மெனக்கெட்டு வரைய வேண்டுமாம். மூன்று நாள் பாடுபட்டு வரைந்து காயவைத்துவிட்டு லேபுக்குப் போனாள். உங்களுக்குத்தான் தெரியுமே, என் மனைவி சுத்தத்தில் சூரப்புலி. "பாவம், வேலை வேலைன்னு ஓடுறா, துடைக்கக்கூட நேரமில்ல" என்று ஈரத்துணியால் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டாள். மாலையில் மருமகள் வந்து பார்த்தாள். நாங்கள் இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், "அத்தை, நீங்க துடைச்சதுதான் சரி. நான் ரொம்ப அழுக்காக்கிட்டேன். அப்பா மெஷின் இப்படித்தான் இருக்கும்" என்றாள். பிறகு ஒரே ஓர் இடத்தில், வால் சுழலிக்குக் கீழே, ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு மட்டும் வைத்தாள். எவ்வளவு துடைத்தாலும் அந்த ஓர் இடத்தில் மட்டும் கசியும் என்று நீங்கள் வீட்டுக்கு வந்து திட்டுவீர்களாமே. அந்தத் திட்டையும் மறக்காமல் வைத்திருக்கிறாள்.

இத்தனைக்கும் ஆதாரம் ஒரே ஒரு புகைப்படம். தோளில் துடைக்கும் துணியோடு, இடது கதவில் கை வைத்து நீங்கள் நிற்கும் படம். கல்யாணமாகி வரும்போது துணிமணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. சரிபார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். "மாமா கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாது" என்றாள். சொன்னால் நம்புங்கள், ஓய்வு பெற்ற நாளில் போட்ட மாலைக்குக்கூட நான் இவ்வளவு பூரிக்கவில்லை. உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு படத்தை மூக்கிலிருந்து வரி வரியாகப் படித்தேன். இடது கதவு வரை வந்தபோது காபிக்குக் கூப்பிட்டார்கள். குடித்துவிட்டு வந்து குனிந்தால், கதவுக்குச் சற்றுப் பின்னால், படிக்கு மேலே, கறுப்பாக ஒரு குமிழ்! அவளுடைய ஹெலிகாப்டரில் அது இல்லை. "ஏம்மா, இங்க ஒண்ணு விட்டுப்போச்சே!" என்று நான் போட்ட சத்தத்தில் என் மனைவி பால் பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

பித்தளைக் கம்பியை அராவி, கடுகில் பாதி அளவில் அந்தக் குமிழைச் செய்ய ஒரு வாரம் ஆயிற்று. முதல் குமிழ் இடுக்கியிலிருந்து தெறித்தது, வீடே தரையில் தவழ்ந்தது, என் முழங்கால் போனது அன்றுதான், கடைசியில் அது என் மனைவியின் கொண்டையில் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போய் வம்பு பேசிவிட்டுத் திரும்பி வந்திருந்தது, அதற்குள் கொண்டை ஊசியில் சிக்கி நசுங்கியிருந்தது. இரண்டாவது போன இடம் தெரியவில்லை. மூன்றாவதை என் தும்மல் கொண்டுபோயிற்று. நான்காவது ஒட்டியாயிற்று. ஒட்டிய பிறகுதான் கேள்வி பிறந்தது: அது என்ன? மேலே ஏறக் கயிறு கட்ட என்கிறான் உங்கள் மாப்பிள்ளை. "வெளிய நிக்கிறவங்க பெல் அடிக்க வேண்டாமா?" என்கிறாள் என் மனைவி. இவளைப் போல் மாடல் செய்கிறவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், அங்கே கேட்டாள். எரிபொருள் வடிக்கும் மூடி என்று ஒருவர், இல்லை ஆண்டெனாவின் அடிக்கட்டை என்று இன்னொருவர், பதினோரு நாளாக அடிதடி. அதில் ஒருவர் தன் ஹெலிகாப்டரிலும் அதைச் செய்து ஒட்டிவிட்டாராம்.

"உங்கப்பாவ ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுதே" என்றேன். "அவரா பேசட்டும் மாமா" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த விதத்தில் அச்சு அசல் நீங்கள்தான். அதனால் அவளுக்குத் தெரியாமல் நான் கேட்கிறேன். இடது கதவுக்குப் பின்னால் இருப்பது என்ன? சனிக்கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவாள். அதற்குள் ஒரு வரி எழுதிப் போடுங்கள், முடிந்தால் நேரில் வந்து சொல்லுங்கள். வந்தால் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். பெட்டியோடு வந்த பொம்மை ஆட்களை அவள் வைக்கவில்லை. மெல்லிய தாளை நனைத்து மடித்து, எண்ணெய்க்கறை படிந்த ஒரு துடைக்கும் துணி செய்து கதவில் தொங்கவிட்டிருக்கிறாள், அவ்வளவுதான். "ஆள் இல்லாம வெறிச்சுன்னு இருக்கேம்மா" என்றேன். "துணி இருந்தா அப்பா பக்கத்துலதான் எங்கயோ இருக்கார்னு அர்த்தம் மாமா" என்றாள். மரியாதை இல்லாத பிள்ளையா சம்பந்தி இது?

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பைச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும். கடிதத்தில் பிழை இருந்தால் பொறுத்தருளவும், இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: இருந்தது. உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தைச் சரிபார்த்தேன். பாதியில் காபிக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால், விட்ட இடத்தில் என் புள்ளி. கறுப்பாக, உருண்டையாக, குமிழ் போல. புகைப்படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மை, அதே பருமன். சம்பந்தி, உங்கள் ஹெலிகாப்டரில் அப்படி ஒரு குமிழ் கிடையாது. அது நான் வைத்த புள்ளி. நாற்பது வருடத்தில் இல்லாத பிழையை நானே வைத்து, நானே கண்டுபிடித்து, பித்தளையில் அச்சேற்றியும் விட்டேன். மருமகளிடம் போய்க் கடிதம் எழுதியது உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குமிழைப் பிடுங்கட்டுமா என்று இடுக்கியை எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும் மாமா. லெட்டரை அப்படியே போடுங்க. உண்மைய மட்டும் எழுதிடாதீங்க. பிரியமா கூப்பிட்டா அப்பா வர மாட்டார். தப்பா ஒண்ணு ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சா, திட்டுறதுக்காவது வருவார்" என்றாள். கண்ணாடிப் பெட்டியை இப்போதைக்கு வேண்டாம் என்று பரண்மேல் வைத்துவிட்டாள். எழுத வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் தெரிந்த பிழையைத் திருத்தாமல் தபாலில் போட இந்தக் கை பழகவில்லை. ஆகவே சம்பந்தி, தாங்கள் டார்ச்சோடு சனிக்கிழமை வந்து, இந்தப் பின்குறிப்பைப் படிக்காதவர் போல, அவள் ஆசை தீரக் கோபப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.