முட்டைக்குத் தந்தை பெயர்

நாமக்கல்லில் எங்கள் அலுவலகத்தின் பெயர் முட்டை நுகர்வு ஊக்குவிப்பு மையம். நாட்டு மக்களை முட்டை தின்ன வைப்பதே எங்கள் கடமை. அந்தக் கடமைக்காக நாற்பத்திரண்டு பேர் நாற்காலியைத் தேய்க்கிறோம். நானும் அதில் ஒருவன்.

புது இயக்குநர் கலையரசன் பெங்களூரில் ஐந்து நாள் உடல்நலப் பயிற்சிக்குப் போய் வந்தார். போகும்போது மனிதர், வரும்போது முளைகட்டிய பயறு. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: "அலுவலக வளாகத்தின் மாண்பினைப் பேணும் பொருட்டு, கேண்டீனில் இனி சைவ உணவு மட்டுமே வழங்கப்படும்."

கேண்டீன் ஆத்தாயி அக்காவுடையது. டீயும் தோசையும் எங்கும் கிடைக்கும். முட்டையைக் குழம்போடு அடித்துக் கல்லில் ஊற்றி, பாதி வெந்ததும் மடித்துத் தருவாரே, அந்தக் கலக்கிக்காகத்தான் நாங்கள் ஆபீசுக்கே வந்தோம். கலக்கி போனால் அக்காவின் பிழைப்பும் போச்சு.

அக்கா நேராக எழுத்தர் ஜெகதீஸ்வரனிடம் போனார்.

"ஏனுங்க, பண்ணை முட்டை எப்படிங்க கவிச்சி ஆகும்? அங்க சேவலே கெடையாதுங்களே."

"அப்ப மனுக் குடுங்க. முட்டைக்குச் சைவச் சான்று வாங்கிரலாம்."

படிவத்தில் இரண்டாவது கேள்வி, தந்தை பெயர். அக்கா 'இல்லை' என்று எழுதினார். மனு திரும்பி வந்தது.

"தந்தை பேரு இல்லாட்டி செல்லாதுங்க."

"அப்பன் இல்லீங்கறதுதானுங்களே மனுவே!"

"அதுக்கு ஆதாரம் வேணுமுங்க. எதுக்கும் ஒரு சேவல்கிட்டத் தடையில்லாச் சான்று வாங்கிட்டு வாங்க."

இயக்குநர் நியாயவான். தீர விசாரிக்க உத்தரவிட்டார்; விசாரணை முடியும்வரை கலக்கிக்குத் தடையில்லை. 'இக்கேண்டீனில் முட்டை உண்போர் உளரா?' என்று ஒரு பதிவேடு மேசை மேசையாக வந்தது. முதல் ஆள் 'உண்பதில்லை' என்று கையெழுத்திட்டார். அடுத்தவர் அவரைவிட நல்லவராகி, 'வாசனையே ஆகாது' என்று சேர்த்தார். என்னிடம் வந்தபோது என் வாயில் கலக்கி இருந்தது. விழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இறுதி ஆணை பிறந்தது: "ஊழியர் எவரும் உண்ணாத நிலையில் நாள்தோறும் எண்பது முட்டை தீர்வதால், கேண்டீன் வெளியாருக்கு விற்றமை ஐயந்திரிபற நிரூபணமாகிறது. உரிமம் ரத்து."

அக்கா அடுப்பை அணைக்கும் முன் அந்தப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதுல உன்ற கையெழுத்து எது சாமி?"

காட்டினேன். வெட்கத்தில் செத்துப் போனேன்.

"அழகா இருக்குது," என்றார். "கடைசி முட்டை ஒண்ணு கெடக்குது. ஊத்தட்டுமா?"

இயக்குநர் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

"ஊத்துங்க்கா," என்றேன்.